மேல் வீட்டில் கிரைண்டர், கீழ் வீட்டில் நைட் ஷிஃப்ட் தூக்கம்!

காலை பத்து மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாகிவிட்டது. ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் போட்டுவிட்டு, துணி துவைக்கப் போகிறார் இரண்டாவது மாடியில் இருக்கும் குடும்பத்தலைவி. அதற்கு நேர் கீழே முதல் மாடியில், ராத்திரி முழுக்க மணலியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் தலையணையைக் காதில் பொத்திக்கொண்டு புரண்டு படுக்கிறார். பொறுத்துப் பார்த்த அவர் மனைவி மேலே போய்க் கதவைத் தட்டுகிறார். ‘பட்டப்பகலில் மாவு அரைக்கக்கூட உங்களைக் கேட்கணுமா?’ என்று பதில் வருகிறது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகிறது.

யார் மேல் தப்பு? யோசித்துப் பார்த்தால் இருவர் மேலும் இல்லை. அவர் மாவு அரைத்தது பகல் வேளையில். இவருடையதோ உழைத்துவிட்டு வந்து தூங்கும் தூக்கம். எண்ணூர், திருவொற்றியூர், மணலி பக்கம் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. வீடு மாறினாலும் நம் பழக்கங்கள் மாறாததால் வருகிற சிக்கல் இது.

தரை வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு

சடையங்குப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணலி புதுநகர் பக்கம், கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஊராட்சியாக இருந்து 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் செய்திகளில் முதலில் அடிபடும் பெயர்களில் இதுவும் ஒன்று. 2015-லும் 2021-லும் இங்கே தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார்கள். அப்படி ஒரு மழைக்காலத்தைப் பார்த்தவர்களுக்கு, ‘வாடகை கூடப் போனாலும் பரவாயில்லை, மாடி வீடாக இருந்தால் தேவலை’ என்று தோன்றுவது இயற்கைதானே?

2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களும் இப்படித்தான் மாடி ஏறின. கடற்கரைக் குப்பங்களில் வாழ்ந்தவர்களுக்கு எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் தெருவே வரவேற்பறை. வாசலில் உட்கார்ந்து வலை பின்னலாம், மீன் ஆயலாம், பேசலாம், சண்டையும் போடலாம். அந்தச் சத்தம் காற்றோடு போய்விடும்.

அடுக்குமாடியில் அது போவதற்கு வழியில்லை. தரை வீட்டில் நீங்கள் அம்மியில் அரைத்தால் சத்தத்தை மண் வாங்கிக்கொள்ளும். மாடியிலோ உங்கள் தரைதான் இன்னொருவருக்குக் கூரை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

சட்டத்துக்கு ஒரு கடிகாரம், ஷிஃப்ட்டுக்கு ஒரு கடிகாரம்

ஒலி மாசு பற்றி 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்துவிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதுதான் வரம்பு. தொழிற்சாலைப் பகுதியில் பகலில் 75, இரவில் 70. பகல் என்றால் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. மீதி நேரம் இரவு.

இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60 டெசிபல் அளவுக்கு வரும். மிக்ஸி ஓடினால் 80-ஐத் தாண்டிவிடும். 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். நிம்மதியாகத் தூங்க, படுக்கையறைக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால், விதியில் சொல்லும் இரவும் வடசென்னையின் இரவும் ஒன்றல்ல. ராத்திரி பத்து மணிக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், அதற்குப் பிறகுதான் குளித்துச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் டி.வி. பார்ப்பார். பத்து மணிக்கு வேலைக்குப் போனவருக்குக் காலை எட்டு மணிதான் படுக்கும் நேரம். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அம்மா, ஊர் விழிப்பதற்கு முன்பே அன்னக்கூடையோடு படி இறங்குவார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்கு நேரமே கிடையாது. வரிசை நகரும்போதுதான் அவருக்கு விடிவு.

நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் 16 வீடு இருந்தால், எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். ‘பத்து மணிக்கு மேல் சத்தம் போடாதே’ என்ற ஒற்றை விதி இங்கே போதாது. பக்கத்து வீட்டுக்காரர் எப்போது தூங்குகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிய வேண்டுமானால் முதலில் பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிந்திருக்க வேண்டும்!

சத்தம் எப்படி இறங்குகிறது?

சத்தம் இரண்டு வழியாக வரும். டி.வி., பேச்சு, பாட்டு எல்லாம் காற்று வழியாக, ஜன்னலிலும் கதவு இடுக்கிலும் நுழையும். ஜன்னலைச் சாத்தினால் ஓரளவு குறைந்துவிடும். கிரைண்டரின் அதிர்வு, நாற்காலி இழுபடுவது, பிள்ளைகள் குதிப்பது இவையெல்லாம் கான்கிரீட் வழியாகவே இறங்கும். கீழ் வீட்டில் எந்தக் கதவைச் சாத்தினாலும் இது நிற்காது. தடுக்க வேண்டிய இடம் மேல் வீடு மட்டும்தான். அதற்குச் செலவும் அதிகமில்லை.

* கிரைண்டர், மிக்ஸியைச் சுவரில் இடிக்காமல் தள்ளி வையுங்கள். அடியில் தடிமனான ரப்பர் பாய் போடுங்கள். அது இல்லையென்றால் சாக்கை நான்காக மடித்துப் போட்டாலும் அதிர்வு குறையும்.

* இடிகல்லில் இஞ்சி, பூண்டு தட்டும்போதும், கட்டையில் மீனோ கறியோ வெட்டும்போதும் அடியில் பழைய மிதியடி ஒன்றை மடித்து வையுங்கள். தேங்காயைத் தரையில் அடித்து உடைக்காமல், கையில் பிடித்து அரிவாளின் பின்பக்கத்தால் தட்டி உடையுங்கள்.

* நாற்காலி, டீப்பாய், கட்டில் கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டுங்கள். பாத்திரக்கடை, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும்.

* வாஷிங் மெஷின் நான்கு காலும் சமமாக நிற்கிறதா பாருங்கள். ஒரு கால் ஆடினால் துணி பிழியும் நேரத்தில் கட்டடமே அதிரும்.

* டி.வி. பெட்டியைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரில் மாட்டாமல், வேறு சுவரில் மாட்டுங்கள்.

* மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் நேரத்தை எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். பழைய மோட்டாரின் உறுமல் தரைத்தள வீட்டில் இருக்கும் கைக்குழந்தையைத்தான் முதலில் எழுப்பும்.

பகலில் தூங்குகிறவர் வீட்டிலும் கொஞ்சம் செய்துகொள்ளலாம். ஜன்னலுக்குத் தடித்த திரை, கதவின் அடி இடுக்குக்குத் துணிச்சுருள், சமையலறையிலிருந்து தள்ளியிருக்கும் அறையில் படுக்கை. மின்விசிறியின் ஒரே சீரான சத்தம்கூடச் சின்னச் சின்ன ஓசைகளை அமுக்கிவிடும்.

மாடிப்படியும் மொட்டை மாடியும் யாருக்குச் சொந்தம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சத்தமே கூடாது என்று முடிவெடுத்தால், முதலில் அடி விழுவது எல்லோரும் கூடும் இடங்களுக்குத்தான். மாடிப்படியில் உட்கார்ந்து பேசாதே, காரிடாரில் பிள்ளைகள் ஓடக் கூடாது, மொட்டை மாடிக்குப் பூட்டு! பல குடியிருப்புகளில் இதுதான் நடக்கிறது.

450 சதுர அடி வீட்டில் ஐந்து பேர் இருந்தால், பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? பாட்டி எங்கே காற்று வாங்குவார்? இந்தப் பகுதியில் மாடிப்படி முகப்பும் மொட்டை மாடியும் பழைய திண்ணைக்குப் பதிலாகக் கிடைத்தவை. அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்குள்ளேதான் குதிப்பார்கள். கீழ் வீட்டுக்கு அது இன்னும் மோசம்.

கேரம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிரைக்கர் ‘டக்’கென்று மோதும் சத்தம் கேட்காத தெரு வடசென்னையில் குறைவு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னைப் பெண். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ‘டக்’ சத்தம் எரிச்சலூட்டும் என்பதும் உண்மை. அதனால் போர்டைத் தூக்கிப் போடவா முடியும்? வீடுகளை ஒட்டிய படிக்கட்டிலிருந்து வண்டி நிறுத்தும் பக்கம் நகர்த்தலாம். ஒன்பதரை மணிக்கு ஆட்டம் முடிய வேண்டும் என்று ஆடுகிறவர்களையே சொல்லவைக்கலாம். பெரியவர்கள் போட்ட விதியைப் பையன்கள் மீறிப் பார்ப்பார்கள். தாங்களே போட்ட விதி என்றால் அவர்களே காவல் காப்பார்கள்.

சிங்கப்பூரில் பெரும்பாலான மக்கள் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள். அங்கே பல கட்டடங்களில் தரைத்தளத்தில் வீடே கட்டாமல் தூண்கள் மட்டும் நிறுத்தித் திறந்த வெளியாக விட்டிருக்கிறார்கள். மலாய்க்காரர் கல்யாணம், சீனர் வீட்டுச் சாவு, முதியவர்களின் சதுரங்கம் எல்லாம் அங்கேதான். அந்த இடம் இருப்பதால் மாடிகளில் கூட்டம் சேர்வது குறைகிறது. அப்படியும் சத்தப் புகார்கள் வரத்தான் செய்கின்றன. இரவு 10.30 முதல் காலை 7 வரை இருந்த அமைதி நேரத்தை, இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று 2022-ல் அங்கே ஒரு சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. அமைதிக்கு நேரம், கூடுவதற்கு இடம் என்று இரண்டையும் அவர்கள் சேர்த்தே யோசிக்கிறார்கள்.

ஆடிக்கூழ், மஞ்சள் நீராட்டு, சாவு மேளம்

விசேஷம் இல்லாத வீடு உண்டா? ஆடி மாதம் கூழ் ஊற்றினால் ஸ்பீக்கர் வரும். பெண் பெரியவளானால் வாசலில் சீர்வரிசையோடு மேளம் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. சொல்லாமல் செய்வதற்குத்தான் கோபப்படுகிறார்கள்.

இரண்டு நாள் முன்னால் படி ஏறி ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சொல்லுங்கள். ஸ்பீக்கரை வீடுகளைப் பார்க்க வைக்காமல், விசேஷப் பந்தலைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். நைட் ஷிஃப்ட்காரர் இருந்தால், அன்று ஒருநாள் சத்தமில்லாத உறவினர் வீட்டில் படுக்க முடியுமா என்று கேட்டு, விருந்துக்கும் அழைத்துவிடுங்கள். சாப்பாட்டுக் கூடையோடு போய்ச் சொன்ன சேதிக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

சாவு வீடு தனி. அங்கே மேளமும் கானாவும் விடியவிடியக் கேட்கும். துக்க வீட்டில் போய் ‘சத்தத்தைக் குறையுங்கள்’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் மறுநாள் பிளஸ் டூ தேர்வு எழுதப்போகும் பிள்ளை மேல் மாடியில் இருக்கிறது என்று, சொந்தக்காரர்களில் பெரியவர் ஒருவரிடம் மெதுவாகச் சொன்னால் அவரே பார்த்துக்கொள்வார். மார்ச் மாதம் முழுவதும் எல்லா வீட்டுக்கும் தேர்வு மாதம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எப்படிச் சொல்வது?

பாதிச் சண்டை சத்தத்தால் வருவதில்லை, சொன்ன விதத்தால் வருகிறது. வாட்ஸ்அப் குரூப்பில், பெயர் சொல்லாமல், ‘சிலருக்கு அறிவே இல்லை’ என்று போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. யாரைச் சொன்னோமோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் கோபித்துக்கொள்வார்கள்.

கோபம் தலைக்கேறிய நேரத்தில் போகாதீர்கள். சத்தம் நின்ற பிறகு, சாயங்காலமாகப் போங்கள். குறை சொல்வதற்குப் பதில் நிலைமையைச் சொல்லுங்கள்.

“அக்கா, இவரு இந்த வாரம் நைட்டு. காலைல எட்டு மணிக்குத்தான் வந்து படுக்குறாரு. மாவு அரைக்கிறத மட்டும் ரெண்டு மணிக்கு மேல வெச்சுக்க முடியுமாக்கா?”

“அதுக்கென்னம்மா? சொல்லியிருந்தா எப்பவோ மாத்தியிருப்பேனே. அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட்டுன்னு மட்டும் சொல்லிடு.”

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஷிஃப்ட் மாறினால் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. எதிர்பார்ப்பதையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழுவதையும், வயதானவர் இருமுவதையும், குக்கர் விசிலையும் யாராலும் நிறுத்த முடியாது. அவை சேர்ந்து வாழ்வதன் சத்தங்கள்.

பேசியும் தீரவில்லை என்றால்...

எல்லோரும் அந்த அக்கா மாதிரி இருக்க மாட்டார்கள். அப்போது படிப்படியாகப் போகலாம்.

முதலில் குடியிருப்போர் சங்கம். தனியார் அடுக்குமாடிகளுக்கு, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இருக்கிறது. 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சங்கத்தின் துணை விதிகளில் அமைதி நேரம், மொட்டை மாடிப் பயன்பாடு, வீட்டில் டிரில்லிங் வேலை செய்யும் நேரம் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அரசுக் குடியிருப்பு என்றால், குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021-ல் பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் தரும். அப்படி அமைந்த சங்கம் லிஃப்ட், குப்பை பற்றி மட்டும்தான் பேச வேண்டுமா என்ன?

அதற்கும் அடங்காவிட்டால் காவல்துறை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை அனுமதி தரலாம். அதுவும் வருடத்துக்கு 15 நாள்களுக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கவும் தடை உண்டு. உங்கள் வீட்டுக்குள் வைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் வரம்பு உண்டு. வீட்டு எல்லையில் அளந்தால், அந்தப் பகுதியின் வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. 100 அல்லது 112-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். ஆனால் போலீஸ் வந்துபோன பிறகும் அதே படியில்தான் இருவரும் ஏறி இறங்க வேண்டும் என்பதை யோசித்து அழையுங்கள்.

கதவைத் தட்டுகிற உறவு

‘எதற்கு இவ்வளவு பழக வேண்டும்? அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டுப் போகலாமே’ என்று சிலர் கேட்கலாம். இந்தப் பகுதியில் அப்படி இருக்க முடியாது என்பதை இரண்டு டிசம்பர் மாதங்கள் காட்டியிருக்கின்றன.

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-ல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. 24 வீடுகள் மண்மேடாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்துவிட்டு, இடிவதற்கு முன்பே எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். பண்டம் பாத்திரம் எல்லாம் உள்ளே கிடக்க, ஆட்கள் மட்டும் தப்பினார்கள். 24 வீட்டில் ஒரு வீட்டுக்குச் சேதி போகாமல் இருந்திருந்தாலோ, அந்த வீட்டில் யாரோ தூங்கிக்கொண்டு இருந்திருந்தாலோ என்ன ஆகியிருக்கும்?

2023 டிசம்பர் 26. நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பமும் சுற்றுவட்டாரமும் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் விழித்துக்கொண்டன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயும் வந்துபோய் ஏறக்குறைய மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அப்போது.

அப்படியொரு ராத்திரியில் நம்மை எழுப்பப்போவது யார்? பக்கத்து வீட்டுக்காரர்தான். மூன்றாவது மாடியில் காது கேட்காத பாட்டி தனியாக இருக்கிறார், முதல் மாடிக்காரர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கிரைண்டர் சத்தத்துக்காக அவரோடு பேச்சை முறித்துக்கொள்வது, நாம் நினைப்பதைவிடப் பெரிய நஷ்டம்.

அதனால் ஒரு யோசனை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பிளாக்குக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த வீட்டில் யார் எந்த ஷிஃப்ட், எங்கே கைக்குழந்தை, எங்கே தேர்வு எழுதும் பிள்ளை, ராத்திரியில் ஆபத்து என்றால் யாரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், யாரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது என்று எழுதி, எல்லோரும் நம்பும் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மாடிப்படிச் சுவரில் ‘இந்த வாரம் பகலில் தூங்கும் வீடுகள்’ என்று கதவு எண்ணை மட்டும் எழுதி ஒட்டுங்கள். நோட்டு எழுத ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்ட வேண்டியிருக்கும். பேச்சு நின்றுபோன வீட்டிலிருந்தே ஆரம்பியுங்களேன்!